தீட்டும் மாசும்: தண்ணீரைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது?



ஓர் இலக்கிய மன்றம் குடிநீர் அறிவிப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்வது பொறியாளரின் வேலை. ஆனால் கெட்டுப்போனது என்பதைக் குடிக்கிறவரிடம் சொல்வது மொழியின் வேலை. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எப்போது சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார்? கதையையும் தன்வரலாற்றையும் படிக்கும்போது நாம் கேட்கும் கேள்விகள்தாம் இவை. இன்று இதே கேள்விகளை ஒரு குடிநீர் நோட்டீசைப் பார்த்துக் கேட்கப் போகிறோம்.

நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று தீட்டு. இன்னொன்று மாசு. தீட்டு கண்ணுக்குத் தெரியாது, சோதனைக் குழாயிலும் தெரியாது, அதைக் குடித்து யாரும் செத்ததில்லை. மாசும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைக் குடித்தால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும், மூளை வளர்ச்சி கெடும், சாவும் வரும். இந்தச் சமூகம் இந்த இரண்டில் எதை விரைவாக அறிவிக்கிறது என்று பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

மகத்துக்குப் போவோம். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. அதையொட்டி மகத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு காகிதத்திலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தீண்டத்தகாதவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி சில மணி நேரத்தில் ஊரெங்கும் பரவியது. தடியோடு கூட்டம் வந்தது. மாநாட்டுக்கு வந்த மக்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டிச் சடங்கு செய்து, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

தண்ணீர் கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு ஒரே நாளில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சரிசெய்தாகிவிட்டது என்ற அறிவிப்பும் போய்ச் சேர்ந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த வேகத்தில் சொல்ல வேண்டும், என்ன பரிகாரம் என்று எல்லாம் அந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது. மனிதர் கை பட்டதற்கு இவ்வளவு ஏற்பாடு. உண்மையில் அன்று குளத்துக்குள் போன மாசு அந்த 108 குடங்கள்தாம். அதை மாசு என்று யாரும் அறிவிக்கவில்லை. குளம் பொதுவானது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற 1937 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழில் இன்னொரு சொல்லும் நமக்குச் சாட்சி. பறை என்றால் கருவி, பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்குச் சேதி சொல்லும் வேலையைச் சாதிக் கடமையாக நம் தோளில் மாட்டினார்கள். சாவுச் சேதி, ஏலச் சேதி, வரி கட்டச் சொல்லும் சேதி என எல்லாவற்றுக்கும் தண்டோரா போட்டவர்கள் நம் தாத்தாக்கள். 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்யும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அது நல்ல முடிவு. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சேதி சொன்ன சனத்துக்குச் சேதி சொல்ல யார் வந்தார்கள்?

இந்தக் கேள்வியோடு அமெரிக்காவில் உள்ள பிளின்ட் நகரத்துக்குப் போவோம். அவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் உண்டு. குடிநீர் கெட்டால் மக்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த நாட்டில் விரிவான சட்ட விதிகள் இருக்கின்றன. விதி இருந்தும் சொல்லாமல் விட்டார்கள் என்றால், விதியைத் தாண்டி எது வேலை செய்தது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் விதி. அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974இல் வந்தது. அதன் கீழ் அறிவிப்புகள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உடனே உடம்பைப் பாதிக்கும் ஆபத்து என்றால், அதாவது மலக்கிருமி போன்றவை இருந்தால், 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, வீட்டு வாசலில் நேரே கொடுப்பது என்று எந்த வழியிலாவது மக்களைச் சென்றடைய வேண்டும். உடனடி ஆபத்து இல்லாத வரம்பு மீறல் என்றால் 30 நாளுக்குள். சிறிய நடைமுறைத் தவறுகளுக்கு ஓராண்டுக்குள். நோட்டீசில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, உடம்புக்கு என்ன செய்யும், யாருக்கு அதிக ஆபத்து, வேறு தண்ணீர் குடிக்க வேண்டுமா, மக்கள் என்ன செய்ய வேண்டும், நிர்வாகம் என்ன செய்கிறது, எப்போது சரியாகும், யாரைக் கேட்பது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இந்த நோட்டீசை வாடகைக்கு இருப்பவர், முதியோர் இல்லத்தில் இருப்பவர், பள்ளியில் இருப்பவர் என்று எல்லோரிடமும் கொண்டுசேருங்கள் என்ற வேண்டுகோளும் இருக்க வேண்டும். ஆங்கிலம் அறியாதவர் கணிசமாக வாழும் இடத்தில் அவர்கள் மொழியிலும் விவரம் இருக்க வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி பிளின்ட்.

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். தொழிற்சாலைகள் மூடப்பட்ட பின் வறண்டுபோன ஊர். அன்று சுமார் 1,00,000 மக்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்தில் நான்கு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நகரத்துக்குக் கடன் என்று காரணம் சொல்லி மாநில அரசு ஓர் அவசரகால மேலாளரை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகரமன்றமும் பெயருக்கு இருந்தார்கள். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து ஏறத்தாழ 50 ஆண்டுகள் வந்துகொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்தி, 2014 ஏப்ரல் 25 அன்று பிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து தண்ணீரில் இறங்கியது. ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று அதற்கு ஒன்றும் கிடையாது.

மக்கள் உடனே சொன்னார்கள். தண்ணீர் பழுப்பாக வருகிறது, நாற்றம் அடிக்கிறது, குளித்தால் தோல் தடிக்கிறது, முடி கொட்டுகிறது என்றார்கள். பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிருமி தென்பட்டதால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீர் தன் இயந்திர உறுப்புகளை அரிக்கிறது என்று சொன்னது. அந்தத் தொழிற்சாலைக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இரும்பு அரிக்கிறது என்று கம்பெனி சொன்னால் அது தகவல். பிள்ளைக்கு உடம்பு தடிக்கிறது என்று தாய் சொன்னால் அது புலம்பல்.

2015 ஜனவரியில் நகர நிர்வாகம் வீடுகளுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. கிருமியைக் கொல்லக் குளோரின் போடும்போது உண்டாகும் ஒருவகை வேதிப்பொருள் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற நோட்டீஸ். இது அவசர நிலை இல்லை என்றும், முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் மருத்துவரைக் கலந்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அதே மாதத்தில், பிளின்டில் உள்ள மாநில அரசு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்காகக் கேன் தண்ணீர் வைக்கப்பட்டது. ஒரே தண்ணீர், ஒரே மாதம், இரண்டு அறிவிப்புகள். மக்களுக்குக் காகிதத்தில் ஆறுதல், அலுவலகத்துக்குக் கேனில் உண்மை. தனிக் குவளை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2015 மார்ச்சில் ஆற்றுத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று நகரமன்றம் வாக்களித்தது. அவசரகால மேலாளர் அதை ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கும் காட்சியை அறிந்தவர்களுக்கு இதுவும் புதிதில்லை.

லீஆன் வால்டர்ஸ் என்ற தாய், தன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வைத்தார். அமெரிக்காவில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய ஈய அளவு அன்று லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். அவர் வீட்டில் 2015 பிப்ரவரியில் 104 இருந்தது. மார்ச்சில் 397. பிறகு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,200 வரை போனது. 5,000 என்றாலே அது ஆபத்தான கழிவு. மத்திய சுற்றுச்சூழல் முகமையில் வேலை பார்த்த மிகேல் டெல் டோரல் 2015 ஜூனில் எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். அது வெளியே வந்ததும், யாரும் பதற வேண்டாம் என்று மாநில அரசின் செய்தித் தொடர்பாளர் பதில் சொன்னார்.

வால்டர்ஸ் வெள்ளையினப் பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சும் எடுபடவில்லை. கறுப்பர் ஊர், ஏழை ஊர் என்று ஒரு முகவரி முத்திரை குத்தப்பட்ட பின், அங்கிருந்து எழும் எந்தக் குரலுக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது. இனமும் சாதியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முகவரியைப் பார்த்து நம்புவதும் நம்பாமல் விடுவதும் இரண்டிலும் உண்டு.

எண்களை வைத்தும் ஏமாற்றலாம் என்பதைப் பிளின்ட் காட்டியது. மாதிரி எடுக்கும் முன்பு இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடச் சொன்னார்கள். தேங்கிய ஈயம் அதில் போய்விடும். 2015இன் முதல் ஆறு மாதத்துக்கான 71 மாதிரிகளில் இரண்டைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அந்த இரண்டையும் சேர்த்தால் வரம்பு மீறல், நீக்கினால் வரம்புக்குள். வரம்புக்குள் என்றால் மக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. நீக்கப்பட்டவற்றில் ஒன்று வால்டர்ஸ் வீட்டு மாதிரி.

அப்போது மக்களே சோதனையைக் கையில் எடுத்தார்கள். எட்வர்ட்ஸ் குழு அனுப்பிய 300 சோதனைப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்து, 250க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஊர்மக்களே திரட்டிக் கொடுத்தார்கள். 2015 செப்டம்பர் 24 அன்று குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டீஷா, தம் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கணக்குகளை வெளியே வைத்தார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தவர் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக உயர்ந்திருந்தது. முதலில் மாநில அரசு அவரையும் மறுத்தது. பிறகு மறுக்க முடியவில்லை. 2015 அக்டோபர் 16 அன்று பழைய தண்ணீர் திரும்பியது. பதினெட்டு மாதங்கள் ஓடிவிட்டிருந்தன.

இதோடு முடியவில்லை. அதே காலத்தில் லெஜியனேர்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவி 12 பேர் இறந்தார்கள். 2016 ஜனவரியில்தான் ஆளுநர் அதை வெளியே சொன்னார். அந்த மாதம் பாட்டில் தண்ணீர் கொடுக்கும்போதும், சில இடங்களில் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் வராமல் ஒதுங்கினார்கள். ஆங்கில அறிவிப்பு அவர்களைச் சென்றடையாததால் பலருக்கு விஷயமே தாமதமாகத்தான் தெரிந்தது. கிருமிக்குக் கொதிக்கவைப்பது மருந்து. ஈயத்துக்கு அது கேடு. நீர் ஆவியாகக் குறைய, மிச்சத்தில் ஈயத்தின் அடர்த்தி கூடும். எதற்கு என்ன செய்வது என்று சொல்லாத பாதி அறிவிப்பு, சொல்லாமல் விட்டதைவிட மோசமாகலாம்.

தண்ணீர் கெட்ட சேதி தவறிய வீடுகளுக்குத் தண்ணீர் பில் தவறவில்லை. 2017இல், பில் கட்டாத 8,000க்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்களுக்கு, வீட்டின் மீது பற்று வைக்கப்படும் என்று நகர நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது. வீட்டு முகவரி அவர்களிடம் இருந்தது, தபால் ஏற்பாடும் இருந்தது. பாக்கி கேட்கப் போய்ச் சேர்ந்த காகிதம் ஆபத்தைச் சொல்லவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல், இந்தப் பேரழிவின் வேர் அமைப்புரீதியான இனவாதத்தில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2021இல் 626 மில்லியன் டாலர் இழப்பீட்டு ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஆளுநர் உள்ளிட்டோர் மீது போடப்பட்ட குற்ற வழக்குகள், நடைமுறை செல்லாது என்ற காரணத்தால் விழுந்தன. 2023இல் அரசுத் தரப்பு வழக்குகளை முடித்துக்கொண்டது.

இனி நம் மண். 2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். தண்ணீரைப் பாருங்கள் என்றார் மருத்துவர். இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மலம். அங்கே எந்த அலுவலகத்திலிருந்தும் அறிவிப்பு வரவில்லை. நோயுற்ற பிள்ளைகளின் உடம்புதான் அறிவிப்பாக இருந்தது. விசாரிக்க வந்த ஆட்சியர் முன்னால், கோயிலுக்குள் விடாததும் தேநீர்க் கடையில் தனிக் குவளையும் வெளிவந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றம் சாட்டியது. ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி இந்த மேடையில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். தொட்டித் தண்ணீரைக் குடிப்பவருக்கு முன்பே அதைப் பார்க்க வேண்டியவர் யார்? பார்த்ததைச் சொல்ல வேண்டியவர் யார்?

தலித் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கெடுப்பவருக்குத் தண்டனை உண்டு. கெட்டதைச் சொல்லாதவருக்கு என்ன? குடிநீரின் தரத்துக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. 100 மில்லி நீரில் ஒரு மலக்கிருமிகூட இருக்கக் கூடாது, ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. குழாய்த் தண்ணீர் கொடுக்கும் உள்ளாட்சிகளை அது சட்டப்படி கட்டாயப்படுத்துவதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி என்று இருக்கிறது. அந்த ஐந்தில் காலனிப் பெண் எத்தனை பேர், சோதனை முடிவு காலனித் தொட்டிக்குக் கீழே ஒட்டப்படுகிறதா என்று நம் ஊர்களில் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கும் களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் சில வேலைகளை முன்வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராமசபை கூடுகிறது. ஊர்த் தொட்டி, காலனித் தொட்டி இரண்டின் சோதனை முடிவையும் அன்று சத்தமாக வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடுவோம். கடைசியாகத் தொட்டி கழுவிய தேதி, குளோரின் போட்ட தேதி, தொட்டி ஆபரேட்டரின் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தொட்டியிலேயே எழுதச் சொல்வோம். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று அதன் 7(1) பிரிவு சொல்கிறது. குடிக்கிற தண்ணீரைவிட உயிர் சம்பந்தப்பட்ட தகவல் வேறென்ன? அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

நோட்டீஸ் வந்தால் அதை ஒரு படைப்பைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படியுங்கள். எழுவாய் இருக்கிறதா, அல்லது தவறு தானாக நடந்ததுபோல் எழுதியிருக்கிறதா? பதற வேண்டாம் என்ற வரி என்ன செய்ய வேண்டும் என்ற வரிக்கு முன்னால் வருகிறதா? படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வடக்கிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் தொழிலாளிக்கும் அது எப்படிப் போய்ச் சேரும்? குறையிருந்தால் திருத்தி எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய வேலை இது.

எழுத்தாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். நம் தன்வரலாறுகள் வெளிவந்தபோது அவற்றைக் குமுறல் என்றார்கள், சாட்சி என்று ஏற்கவில்லை. பிளின்டின் தாய்மார்கள் பிடித்துவந்த பழுப்புத் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. ஆய்வகம் பின்னால் சொன்னதை அந்தப் பாட்டில் பல மாதம் முன்பே சொன்னது. ஒடுக்கப்பட்டவர் வாயிலிருந்து வரும் முதல் முறையீட்டைத் தகவலாக ஏற்றுக்கொள்ளும் அரசு அமைந்தால்தான் 24 மணி நேர விதி வேலை செய்யும். அதுவரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எந்தத் தேதியில் தண்ணீர் நிறம் மாறியது, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

சவுதார் குளத்தில் கை வைத்தது தண்ணீருக்காக மட்டும் இல்லை, நாமும் மனிதர் என்று நிறுவத்தான் என்றார் அண்ணல். தண்ணீரைத் தொடும் உரிமை அங்கே தொடங்கியது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதன் அடுத்த பாதி. தீட்டை ஒரே நாளில் ஊர் முழுக்க அறிவித்தவர்களுக்கு மாசை அறிவிக்க வழி தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஜெய்பீம்.